எடை குறைக்க புரோட்டீன் ஷேக்: யாருக்கு உதவும், எப்படிக் குடிப்பது?

ஜிம்மில் சேர்ந்து சரியாக ஒரு மாதம். எடை மிஷினில் ஏறி நின்றால், 84 கிலோவில் இருந்தவன் 86 ஆகியிருந்தேன். பயிற்சி கொடுத்த தம்பி அசரவே இல்லை. "அண்ணே, அது மசில் வெயிட்டுண்ணே. ஷேக்கை மட்டும் நிறுத்திராதீங்க" என்றார். ஒரே மாதத்தில் இரண்டு கிலோ தசை வளர்கிற வயதை நான் தாண்டி ரொம்ப வருஷம் ஆகிறது. அன்று ராத்திரி, தீபாவளிப் பலகாரத்துக்காக வாங்கிப் போட்டிருந்த எலக்ட்ரானிக் தராசை எடுத்து, காலையில் குடிக்கும் ஷேக்கில் போகிற ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்தேன்.

ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால் 300 மில்லி, 260 கலோரி. வாழைப்பழம் ஒன்று, 100. பேரீச்சம்பழம் நாலு, 90. பீனட் பட்டர் ஒரு பெரிய ஸ்பூன், 120. தேன் ஒரு ஸ்பூன், 60. கடைசியாக அந்தப் பொடி ஒரு ஸ்கூப், 120. மொத்தம் 750. அதில் பொடியின் பங்கு ஆறில் ஒன்றுகூட இல்லை. இது போதாதென்று, ஷேக் எப்படி டிபன் ஆகும் என்று நாலு இட்லியையும் விடாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

புரோட்டீன் ஷேக் குடித்தால் எடை குறையுமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எதை நிறுத்திவிட்டு அதைக் குடிக்கப்போகிறீர்கள்? சாயங்கால பஜ்ஜிக்குப் பதிலாக என்றால் குறைய வாய்ப்புண்டு. பஜ்ஜியோடு சேர்த்து என்றால் ஏறும். பொடிக்குக் கொழுப்பைக் கரைக்கும் சக்தி எதுவும் கிடையாது. மற்ற சாப்பாட்டில் இருப்பதைப் போலவே அதிலும் ஒரு கிராம் புரதத்துக்கு 4 கலோரி.

புரதம் என்ன செய்யும்

பசியைத் தள்ளிப்போடும், அது எல்லோருக்கும் தெரியும். செரிமானத்திலேயே கொஞ்சம் கலோரியைச் செலவழிக்கவும் வைக்கும். 100 கலோரி புரதம் சாப்பிட்டால் அதில் 20 முதல் 30 வரை செரிக்கவே போய்விடும். மாவுச்சத்துக்கு இது 5 முதல் 10, கொழுப்புக்கு 3-க்குள். விளம்பரங்கள் இதைத்தான் 'மெட்டபாலிசம் கூடும்' என்று ஊதிப் பெருக்குகின்றன. ஒரு ஸ்கூப்பில் 24 கிராம் புரதம் இருந்தால் 96 கலோரி. செரிமானச் செலவு அதிகபட்சம் 30-க்குள். அரை இட்லிக்கு மேல் தேறாது.

மூன்றாவதுதான் முக்கியமானது. சாப்பாட்டைக் குறைத்து எடை இறங்கும்போது இறங்குவது எல்லாமே கொழுப்பாக இருப்பதில்லை. நாலில் ஒரு பங்கு வரை தசை முதலான கொழுப்பில்லாத பாகத்திலிருந்து போகக்கூடும். பட்டினி கிடந்து பத்து கிலோ குறைத்தவர்கள் முகம் வாடி, மாடிப்படி ஏற மூச்சு வாங்கி, ஆறு மாதத்தில் பழைய எடைக்குத் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். போன தசை திரும்பாமல் கொழுப்பு மட்டும் திரும்பிவிட்டால், பழைய எடையே பழையதைவிட மோசமான எடை. போதுமான புரதமும், எடை தூக்குவது அல்லது தண்டால், பஸ்கி மாதிரி தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் சேர்ந்தால் இந்த இழப்பு குறையும். பயிற்சி இல்லாமல் ஷேக் மட்டும் குடித்து இந்தப் பலனை எதிர்பார்க்காதீர்கள்.

படி 1: டப்பாவுக்கு முன்னால் லேப்

கிரியாட்டினின், சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று அதை வைத்துக் கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர்., சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்பது. இவை மூன்றையும் பார்த்துவிட்டு வாருங்கள். நன்றாக இருக்கும் சிறுநீரகத்தைப் புரதம் கெடுத்துவிடும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்துக்கு அது சுமை. பிரச்சினை என்னவென்றால், பத்து வருஷமாகச் சர்க்கரையும் பிரஷரும் உள்ள ஒருவருக்குத் தன் சிறுநீரகம் பாதி போய்விட்டது தெரியாமலே இருக்கலாம். வலிக்காது, காட்டிக்கொடுக்காது. தொப்பையைக் குறைக்க ஜிம்முக்கு வருபவரும் பெரும்பாலும் அவர்தான். நாள்பட்ட சிறுநீரக நோய் முற்றத் தொடங்கியவர்களுக்கு டாக்டர்கள் பொதுவாக அனுமதிப்பதே ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம்தான். அவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டுத் தங்கள் டாக்டரிடம் பேசுவது நல்லது.

தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சோயாவும், பாலில் உள்ள கால்சியமும் அந்த மாத்திரை உடம்பில் சேர்வதைத் தடுக்கும். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, நாலு மணி நேரம் கழித்து ஷேக் என்று வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் எடை குறைப்புக்கென்று தாங்களாகவே இதில் இறங்கக் கூடாது. 2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்த எடை குறைப்பு ஊசிகளைப் போட்டுக்கொள்பவர்களுக்குப் பசியே இருக்காது, சாப்பாடு பாதியாகிவிடும். அவர்களுக்கு ஷேக் உண்மையிலேயே கைகொடுக்கலாம். ஆனால் அளவை ஊசி எழுதிக்கொடுத்தவர்தான் சொல்ல வேண்டும்.

படி 2: மூன்று நாள் நோட்டு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். கணக்குப்படி ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம் போதும். எடையைக் குறைத்துக்கொண்டே பயிற்சியும் செய்பவர்களுக்கு 1.2 முதல் 1.6 வரை பரிந்துரைக்கிறார்கள். பருமனாக இருப்பவர் இப்போதைய எடையால் பெருக்கினால் கணக்கு எகிறிவிடும். போய்ச் சேர நினைக்கும் எடையால் பெருக்குங்கள். என் உயரம் 170 செ.மீ., நான் குறிவைத்தது 70 கிலோ. 70-ஐ 1.2-ஆல் பெருக்கினால் 84 கிராம்.

இனி எவ்வளவு ஏற்கெனவே உள்ளே போகிறது என்று பார்க்க வேண்டும். மூன்று நாள், அதில் ஒரு நாள் ஞாயிறு, வாயில் போட்டதையெல்லாம் எழுதுங்கள். என் நோட்டில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை இப்படி இருந்தது. காலை நாலு இட்லியில் 8 கிராம், சாம்பார் சட்னியில் 5. இரண்டு வேளை காபியின் பாலில் 6. மதியம் குவித்த தட்டு சோறு, ஏறக்குறைய 400 கிராம், அதில் 10. சாம்பார், ரசம், பொரியல், ஒரு சின்னக் கிண்ணம் தயிர் எல்லாம் சேர்ந்து 10. சாயங்காலம் இரண்டு பஜ்ஜியும் டீயும், 5. ராத்திரி மூன்று சப்பாத்தி, குருமா, 12. ஆக 56.

எனக்கு இது பெரிய ஆச்சரியம். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே, புரதத்துக்கு என்ன குறை என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். சாம்பாரில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்! சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஐ.சி.எம்.ஆருடன் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2025-இல் வெளியானது. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது, புரதத்திலிருந்து 12 சதவீதம்தான் என்கிறது அது. என் செவ்வாய்க்கிழமை நோட்டு அந்தக் கணக்குக்கு அப்படியே பொருந்தியது.

எனக்குத் துண்டு விழுந்தது 28 கிராம். உங்களுக்கு 10 ஆக இருக்கலாம், 40 ஆகவும் இருக்கலாம். அந்த எண் தெரியாமல் பொடி வாங்குவது, அளவு தெரியாமல் சட்டை தைக்கக் கொடுப்பது மாதிரி.

படி 3: அந்தத் துண்டை முதலில் சமையலறையில் நிரப்பிப் பாருங்கள்

எடை குறைப்பவருக்குப் புரதம் மட்டும் கணக்கில்லை. அதோடு எத்தனை கலோரி கூடவே வருகிறது என்பதும் கணக்கு. இங்கேதான் நம் வீட்டில் 'புரோட்டீன் உணவு' என்று நம்பும் பல அயிட்டங்கள் தோற்றுப்போகின்றன.

நிலக்கடலை 100 கிராமில் 25 கிராம் புரதம் உண்டு, கூடவே 560 கலோரிக்கு மேல். கைப்பிடிக் கடலை நல்லது, கிண்ணம் கிண்ணமாகக் கொறித்தால் தொப்பைதான். பன்னீரும் அப்படியே, பாதிக்கு மேல் கொழுப்புக் கலோரி. சத்துமாவுக் கஞ்சியைப் பலர் நாட்டு புரோட்டீன் ஷேக் என்கிறார்கள். எனக்கும் கஞ்சி பிடிக்கும். ஆனால் அது தானிய மாவு, புரதம் அதில் கொசுறு. பொட்டுக்கடலை மாவை மோரில் கரைத்துக் குடிப்பது தேவலை. 30 கிராம் மாவில் 6 கிராம் புரதம் கிடைக்கும்.

ஜெயிப்பவை எவை? முட்டை ஒன்றில் 6 கிராம், 70 கலோரிக்குச் சற்று மேல். வெள்ளைக் கரு மட்டும் நாலு என்றால் 14 கிராம், வெறும் 70 கலோரி. தோலெடுத்த கோழி நெஞ்சுக்கறி வேகவைத்து 100 கிராம், 31 கிராம் புரதம், 165 கலோரி. குழம்பு மீன் நாலு துண்டு, எண்ணெயில் பொரிக்காத வரைக்கும், இதற்குக் கிட்டே வரும். சைவத்தில் கறாராகப் பார்த்தால் மீல் மேக்கர்தான் ராஜா: காய்ந்த உருண்டை 30 கிராமில் 15 கிராம் புரதம், 105 கலோரி. வெந்நீரில் போட்டு, இரண்டு முறை நன்றாகப் பிழிந்துவிட்டு மிளகு போட்டுப் பிரட்டினால் அந்தப் பச்சை வாடை போய்விடும். வெந்த கொண்டைக்கடலைச் சுண்டல் 100 கிராமில் 9 கிராம்தான், ஆனால் நார்ச்சத்து வயிற்றை நிறைத்துவிடும். எந்தப் பொடியாலும் அதைச் செய்ய முடியாது.

காலை இட்லியில் ஒன்றைக் குறைத்து இரண்டு முட்டை, பஜ்ஜிக்குப் பதில் சுண்டல். இவ்வளவிலேயே எனக்கு 20 கிராம் போல வந்துவிட்டது. அசைவம் சாப்பிடும் பெரும்பாலானவர்களுக்குக் கதை இந்தப் படியோடு முடிந்துவிடும், பொடியே தேவைப்படாது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டியும், சேர்த்த சர்க்கரையும் செயற்கைச் சுவையும் இருக்கலாம் என்பதால் புரதப் பொடியை வழக்கமாக்க வேண்டாம் என்றே சொல்கிறது. இதில் நான் முக்கால்வாசி ஒத்துப்போகிறேன். மீதி கால்வாசி, முட்டைகூடத் தொடாத சைவர்களுக்காகவும், சமைக்க ஆளில்லாமல் ராத்திரி ஒன்பது மணிக்கு அறைக்குத் திரும்புகிறவர்களுக்காகவும். பரோட்டாக் கடைக்குப் போவதைவிட அவர்களுக்கு ஒரு ஸ்கூப் எவ்வளவோ மேல்.

படி 4: லேபிளைப் படிப்பது

வே புரோட்டீன் என்பது சீஸ் செய்யும்போது பால் திரிந்து பிரியும் தெளிநீரிலிருந்து எடுப்பது. பாலின் புரதத்தில் ஐந்தில் ஒரு பங்கு இதுதான், மீதி கேசின். 'கான்சன்ட்ரேட்' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் 70 முதல் 80 சதவீதம் புரதம், பாலின் சர்க்கரையான லாக்டோஸும் கொஞ்சம் இருக்கும். பால் குடித்தால் வயிறு உப்பும் ஆசாமிகளுக்கு இது ஆகாது. 'ஐசொலேட்' 90 சதவீதத்தை ஒட்டி இருக்கும், லாக்டோஸ் மிகக் குறைவு, விலை கூட. பாலே வேண்டாம் என்றால் பட்டாணி, சோயாப் பொடிகள் இருக்கின்றன. பட்டாணிப் பொடியின் ருசியைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருப்பதே நாகரிகம்.

டப்பாவின் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள். பின்பக்கம் புரதம் எத்தனை கிராம் என்பதை 4-ஆல் பெருக்கி, மொத்தக் கலோரியோடு ஒப்பிடுங்கள். 120 கலோரிக்கு 24 கிராம் என்றால் 120-க்கு 96, அதாவது 80 சதவீதம். 70-க்கு மேல் இருந்தால் வாங்கலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் சாக்லெட் ருசிப் பொடிகள் பலவற்றை இப்படிக் கணக்குப் பார்த்தால் 40 சதவீதம்கூட வராது, மீதியெல்லாம் மாவும் சர்க்கரையும். 'மாஸ் கெய்னர்' என்பது பெயரிலேயே சொல்லிவிடுகிறது, எடை ஏற்றும் பொடி. அதையும் எடை குறைக்க வந்தவர் தலையில் கட்டுகிற கடைகள் உண்டு.

லேபிளே பொய் சொன்னால்? சொல்கிறது. 2024-இல் கேரளத்து டாக்டர்கள் உள்ளிட்ட குழு ஒன்று இந்தியாவில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்து மருத்துவ இதழில் வெளியிட்டது. ஏறக்குறைய 70 சதவீதப் பொடிகளில் லேபிளில் போட்ட புரத அளவு சரியில்லை. 14 சதவீதத்தில் பூஞ்சை நஞ்சான அஃப்ளடாக்சின், 8 சதவீதத்தில் பூச்சிமருந்து எச்சம்.

ஏமாற்று வேலை எப்படி நடக்கிறது என்பது சுவாரசியமானது. புரதத்தை நேரடியாக அளப்பது கஷ்டம் என்பதால் அதிலுள்ள நைட்ரஜனை அளந்து பெருக்கிச் சொல்வார்கள். டென்மார்க்கின் கெல்டால் 1883-இல் கண்டுபிடித்த முறை, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. நைட்ரஜன் எங்கிருந்து வந்தாலும் இந்தச் சோதனைக்கு ஒன்றுதான். கிளைசின், டாரின் மாதிரி மலிவான அமினோ அமிலங்களைக் கலந்தால் புரதம் கூடினாற்போல் காட்டும். 2008-இல் சீனாவில் தண்ணீர் கலந்த பாலுக்கு மெலமைன் என்ற நைட்ரஜன் மிகுந்த ரசாயனத்தைச் சேர்த்ததும் இதே சூத்திரம்தான். குழந்தைகளின் பால்பவுடரில் அது போய் சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. அதனால் பொருள் பட்டியலில் தனியாக கிளைசின், டாரின் என்று நீளும் டப்பாவை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

மூலிகை கலந்தவையும் வேண்டாம். 'கொழுப்பைக் கரைக்கும்' என்று கிரீன் டீ சத்து, குடம்புளிச் சத்து சேர்த்த பொடிகள் வருகின்றன. மீன் குழம்பில் போடும் குடம்புளிக்கு எந்தக் குற்றமும் இல்லை. செறிவாக்கிப் பொடியில் சேர்க்கும் சத்தால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றி மருத்துவப் பதிவுகள் உண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண், இறக்குமதி என்றால் இந்திய இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், உடையாத சீல். இவை இல்லாமல், 'தெரிஞ்ச பையன்கிட்ட பாதி விலைக்குக் கிடைக்குது' என்று வருவது எதுவாக இருந்தாலும் தொடாதீர்கள்.

படி 5: கலக்குவதும் குடிக்கும் நேரமும்

ஸ்கூப்பை முதல் தடவை தராசில் நிறுத்துப் பாருங்கள். நான் கோபுரமாக அள்ளிய ஸ்கூப் 41 கிராம், டப்பாவில் போட்டிருந்தது 33.

ஷேக்கரில் முதலில் 200 மில்லி குளிர்ந்த தண்ணீர், பிறகு பொடி. மாற்றிப் போட்டால் அடியில் களிபோல ஒட்டிக்கொள்ளும். சூடான பாலில் போட்டால் திரிதிரியாகக் கட்டிவிடும். சத்து போகாது, வாய்தான் ஏற்றுக்கொள்ளாது. தண்ணீரில் குடிக்கப் பிடிக்கவில்லையென்றால் ஆவின் நீல பாக்கெட் பால் 150 மில்லி, 90 கலோரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தேன், பேரீச்சை, பீனட் பட்டர் மூன்றும் எடை ஏற வேண்டிய ஒல்லிப் பிள்ளைகளுக்கு உரியவை. நாளுக்கு ஒன்று போதும்.

பயிற்சி முடிந்து அரை மணிக்குள் குடிக்காவிட்டால் வீண் என்பார்கள். அவ்வளவு அவசரம் ஒன்றும் இல்லை, நாள் முழுக்க எவ்வளவு சேர்கிறது என்பதே பெரிது. உங்கள் நாளில் எந்த நேரத்துப் பசி உங்களைக் கவிழ்க்கிறது என்று பாருங்கள். எனக்கு மாலை ஐந்து மணி. ஆபீஸ் வாசலில் டீக்கடை, எண்ணெய்ச் சட்டியில் வாழைக்காய் பஜ்ஜி உப்பிக்கொண்டு மேலே வரும் நேரம். இரண்டு பஜ்ஜி, சர்க்கரை போட்ட டீ, ஏறக்குறைய 300 கலோரி. நாலே முக்காலுக்கு 120 கலோரி ஷேக்கைக் குடித்துவிட்டால், டீயோடு கையைக் கட்டிக்கொண்டு திரும்ப முடிகிறது. எல்லா நாளும் இல்லை, மழை நாளில் தோற்றுவிடுவேன்.

ஒரு வேளைச் சாப்பாட்டையே ஷேக்காக்க நினைப்பவர்களுக்கு: மென்று தின்னும் சாப்பாடு நிறைவது போலத் திரவம் நிறையாது. கூட ஒரு வெள்ளரிக்காயோ கொய்யாவோ கடியுங்கள். நார்ச்சத்தும் கிடைக்கும், மூன்றாம் நாள் மலச்சிக்கல் என்று புலம்பவும் வேண்டாம்.

மூன்று வேளையும் ஷேக் மட்டும் என்பது ஆபத்தான விளையாட்டு. 1970-களின் பின்பாதியில் அமெரிக்காவில் திரவப் புரதம் மட்டுமே குடித்து இளைக்கும் மோகம் கிளம்பியது. மாட்டுத் தோல், தசைநார் இவற்றிலிருந்து எடுத்த தரம் குறைந்த கொலாஜன் அது. அதைக் குடித்தவர்களில் சுமார் 60 பேர் இறந்தது பதிவானது, அவர்களில் சிலர் இதயத் துடிப்பு தாறுமாறாகி இறந்தவர்கள். பிரிட்டனில் 2017-இல் வெளியான டைரக்ட் என்ற ஆய்வில், சர்க்கரை நோயாளிகள் மூன்று மாதங்களுக்கு மேல் நாளுக்கு 850 கலோரி அளவு ஷேக்கில் இருந்து, ஒரு வருஷ முடிவில் 46 சதவீதம் பேர் நோயிலிருந்து மீண்ட நிலைக்கு வந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் அது எல்லாச் சத்தும் சேர்த்துத் தயாரித்த முழு உணவு ஷேக், மருத்துவக் கண்காணிப்பில், மாத்திரைகளை மாற்றியமைத்துச் செய்தது. கடைப் பொடியை வைத்துக்கொண்டு வீட்டில் அதை நடத்த முடியாது.

படி 6: டேப்பும் தேதியும்

வாரம் ஒரு நாள், அதே கிழமை, காலையில் பாத்ரூம் போய்வந்த பிறகு எடை. கூடவே தொப்புள் மட்டத்தில் டேப். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது நம் மக்களுக்கு வைத்திருக்கும் எல்லை. வாரத்துக்கு அரை கிலோ இறங்கினால் நல்ல வேகம். எடை அசையாமல் டேப் இறங்கினாலும் கவலை வேண்டாம். நாலு வாரமாக இரண்டுமே அசையவில்லையென்றால் ஷேக் எந்தச் சாப்பாட்டுக்கும் பதிலாக வரவில்லை, கூடுதலாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. பழைய நோட்டை எடுத்து இன்னொரு மூன்று நாள் எழுதுங்கள். கால் வீக்கம், சிறுநீரில் நுரை, விடாத வயிற்றுப்போக்கு வந்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

குடித்தவுடன் ஷேக்கரைக் கழுவிவிடுங்கள். பைக் பெட்டிக்குள் இரண்டு நாள் மறந்துபோன என் ஷேக்கரை வீட்டில் திறந்தபோது, "என்னங்க, இதுக்குள்ள எலி எதுவும் செத்துக் கெடக்கா?" என்றார் மனைவி. அந்த மூடி இன்னும் மொட்டை மாடியில்தான் காய்கிறது.

86-இலிருந்து 79-க்கு வர எனக்கு எட்டு மாதம் ஆனது. இப்போது முட்டையும் மீனும் சுண்டலும் சரியாக அமையாத நாட்களில் மட்டும் ஒரு ஸ்கூப், வாரத்துக்கு மூன்று. ஒரு கிலோ டப்பா இரண்டரை மாதம் ஓடுகிறது.